இசைத்தட்டும் இணையமும்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் கரையோரத்தில் அமைந்துள்ளது குண்டசாலை. சிங்கள மரபில் வந்த கண்டி மன்னருள் இறுதியானவனாகிய வீர நரேந்திரசிங்கன், 1707 முதல் 1739 வரை அரசு செலுத்திய காலத்தில், இவ்வூரிலே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அதனால் மக்கள் அவனைக் 'குண்டசாலைத் தேவன்' என்றே வழங்கினர். அவனுக்குப் பின், அவனுடைய தேவியின் உடன்பிறந்தானாகிய நாயக்கர் குலத்தவன் அரியணை ஏறினான். இவ்வூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காணலாம். 1985 ஆம் ஆண்டில் அது திறந்து வைக்கப்பட்டபோது, பழைய தெல்தெனியா நகரம் நீருள் ஆழ்ந்தது. ஆயினும் கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால், அந்நகரின் இடிபாடுகள் மீண்டும் வெளியே தலைகாட்டுகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டு செல்வர்.

வடிவம் உடைய பொருளுக்கு இத்தகையதோர் உறுதி உண்டு. அது மூழ்கினும், புதைந்தாலும், பிறர் கைக்குச் சென்றாலும், ஏதேனும் ஒரு காலத்தில் மீண்டும் கண்ணிற் படக்கூடும். ஆனால் வடிவமே இல்லாத பொருள் ஒன்று மறைந்தால், அது எங்கே போயிற்று என்று தேடுவதற்கும் இடமில்லை. இன்று நம் நாட்டு இல்லங்களில் ஒலிக்கும் இசைக்கு நேர்ந்துள்ள நிலை இதுவேயாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வீடுதோறும் அலமாரியில் அடுக்கியிருந்த ஒலிநாடாக்கள் இன்றில்லை; அவற்றுக்குப் பின் வந்த இறுவட்டுகளும் இல்லை. எல்லாப் பாடல்களும் கையடக்கத் தொலைபேசியிலே கேட்கின்றன. எந்தப் பாடலும் கேட்போனுக்கு உரியதாய் இல்லை. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இதனால் எய்தியது யாது, இழந்தது யாது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும்.

இசையைப் பொருளாக்கி விற்கும் வழக்கம் மிகவும் அண்மைக் காலத்தது. 1877 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன், மெல்லிய ஈயத்தகடு சுற்றிய உருளை ஒன்றிலே மனிதக் குரலைப் பதித்து, மீண்டும் அதனை ஒலிக்கச் செய்து காட்டினார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, எமில் பேர்லினர் என்பார் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டத்தைக் கையாளும் முறையைக் கண்டார். உருளையை விடத் தட்டினை அச்சிட்டுப் பெருக்குவது எளிது. ஆகவே இசைத்தட்டு உலகெங்கும் பரவிற்று. 1902 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் பதிவு செய்யப்பட்டது. அதனைத் தொடர்ந்து சில ஆண்டுகளிலேயே தமிழ்ப் பாடல்களும் தட்டேறின.

அக்காலத்து இசைத்தட்டு அரக்கினால் ஆயது. அரக்கோ இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டு, ஒரு பக்கத்திலே மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட இசையையே கொள்ளும். மணிக்கணக்கிலே இராக ஆலாபனை செய்து பழகிய வித்துவான்கள், அம்மூன்று நிமிடச் சிமிழுக்குள் தம் கலையை அடக்க நேர்ந்தது. நாதசுரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், கிட்டப்பா, சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்களும் அவ்வாறே கடல் கடந்து இலங்கைக்கு வந்தன. ஊருக்கு ஒரு கிராமபோன் இருந்தாலே பெரிது. திருமண வீட்டிலும் கோயில் வீதியிலும் ஒலிபெருக்கி கட்டி, ஒருவருடைய தட்டை ஊரார் அனைவரும் கேட்டு மகிழ்ந்தனர். உடைமை ஒருவருடையது, அனுபவம் பலருடையது.

இந்நிலையில் வானொலி தோன்றிற்று. இலங்கைத் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராகிய எட்வர்ட் ஹார்ப்பர் என்பவரின் முயற்சியால், 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னரே நடந்த பரிசோதனை ஒலிபரப்புகளில், மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறையொன்றில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு அவ்வொலியை வான்வழி அனுப்பினர். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு அந்த ஒலிபரப்பியை அமைத்தனர் என்பது சுவையான செய்தி. வானொலி பிறந்த நாள் முதலாகவே இசைத்தட்டினை உண்டு வளர்ந்தது என்பதை நேயர்கள் இங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் 1944 இல் கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூங்காவிலிருந்து மவுண்ட்பேட்டன் பிரபு படைகளை நடத்தினார். அப்படை வீரர்களுக்கென அமைந்த ஒலிபரப்பு நிலையமும், ஏக்கலையில் நிறுவிய ஆற்றல் மிக்க ஒலிபரப்பியும் போருக்குப் பின் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1952 இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். அதன் பயனாக, காசுமீரம் முதல் குமரி வரை உள்ள இசையன்பர்கள் இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். எஸ். பி. மயில்வாகனம் முதலியோரின் குரல்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலும் வீட்டுக் குரல்களாயின. 1957 இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அச்செல்வாக்கு எளிதில் குன்றவில்லை.

வானொலி நேயருக்குப் பாடல் உடைமையன்று. விருப்பப் பாடலுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, நாள்தோறும் காத்திருந்து, ஒருநாள் தம் பெயரும் பாடலும் ஒலிக்கக் கேட்டு அகமகிழ்வதோடு அது முடிந்துவிடும். பாடல் காற்றிலே வந்து காற்றிலே கலந்துவிடும். ஆகவே இன்றைய இணைய இசைக்கும் அன்றைய வானொலிக்கும் வேறுபாடு இல்லை என்று சிலர் கூறக்கூடும். ஆனால் உண்மை அதுவன்று. காற்றிலே வந்த பாடலுக்குப் பின்னால் கொழும்பிலே ஓர் அலமாரி இருந்தது. அவ்வலமாரியில், எண்ணிட்டு, உறையிட்டு, பட்டியலிட்டு, இசைத்தட்டுகளை வரிசையாக வைத்துக் காத்தனர். இந்தியாவிலும் கிடைத்தற்கரிய பழைய பாடல்கள் பல இலங்கை வானொலியின் இசைத்தட்டு நூலகத்தில் உள்ளமை இசையன்பர் நன்கறிந்த செய்தி. நேயர் அத்தட்டினை வைத்திருக்கவில்லையாயினும், அவர் சார்பில் நாடு வைத்திருந்தது.

அதன்பின் வந்தது ஒலிநாடா. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் உள்ளங்கையிலே அடங்கும் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டனர். 1977 ஆம் ஆண்டின் பின் இலங்கை திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்டபோது, வெளிநாட்டுப் பொருள்கள் தடையின்றி வந்தன. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் திரும்பும்போது, தோளிலே ஒலிப்பதிவுப் பெட்டியொன்றைச் சுமந்து வந்தனர். சந்திதோறும் 'ரெக்கோடிங் பார்' என்று மக்கள் அழைத்த கடைகள் தோன்றின. விரும்பிய பாடல்களைத் தாளிலே எழுதிக் கொடுத்தால், அவற்றை வரிசைப்படி பதிந்து தருவார்கள். இசைத்தட்டு செல்வர் வீட்டுப் பொருளாயிருந்தது. ஒலிநாடா ஏழையின் வீட்டுக்கும் சென்றது.

இதன் பொருள் மலையகத்தில் விளங்கினாற்போல் வேறெங்கும் விளங்கவில்லை எனலாம். கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்து உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்தது, ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறைகளில். குடியிருந்த அறை தோட்டத்துக்கு உரியது. பறித்த கொழுந்து தோட்டத்துக்கு உரியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால், பிறந்த நாடும் அவர்களுட் பெரும்பாலோருக்கு உரியதன்றாயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இந்நாட்டுக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சியோரின் நிலையைப் பிறிதொரு காலத்துக்கு ஒதுக்கிற்று. பலர் மலைநாட்டிலிருந்து புகைவண்டியேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர்.

நிலமும் வீடும் நாடும் தமக்கென்று இல்லாத மக்களுக்கு, தகரப் பெட்டியிலே வைத்த நாலைந்து ஒலிநாடாக்கள் உண்மையான உடைமைகளாயிருந்தன. அவை வெறும் திரைப்பாடல்கள் மட்டுமல்ல. மாசி மாதத்துக் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய ஆடல்களின் பாட்டும் தப்பொலியும் சில நாடாக்களில் பதிந்தன. பாட்டியின் ஒப்பாரி ஒன்றிலே இருந்தது. வளைகுடா நாட்டிலே பணிபுரியும் மகளுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத தாய் தன் குரலையே கடிதமாகப் பதிந்து அனுப்பும் வழக்கமும் இருந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு ஒலிநாடாவே ஏடும் எழுத்தாணியும் ஆயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்ற அறிஞர் மலைநாட்டு மக்களின் பாடல்களை நூலாகத் தொகுத்தனர். ஆனால் பாடலின் சொல்லைத்தான் நூல் காக்கும். பாடியவரின் குரலைக் காப்பது நாடா ஒன்றே.

1982 இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து இசை எண்களாக மாறிற்று. எண்களாக மாறிய இசைக்குத் தட்டும் நாடாவும் வேண்டியதில்லை, கம்பிவழியே அனுப்பலாம். 2003 இல் ஆப்பிள் நிறுவனம் பாடல்களைத் தனித்தனியே இணையத்தில் விற்கத் தொடங்கியது. 2005 இல் யூடியூப் தோன்றிற்று. 2008 இல் ஸ்பொட்டிபை நிறுவனம் புதியதொரு முறையைக் கொண்டுவந்தது. பாடலை விற்பதில்லை, மாதந்தோறும் கட்டணம் பெற்றோ விளம்பரங்களைப் புகுத்தியோ, கேட்கும்போது மட்டும் பாய்ச்சுவது. 'ஸ்ட்ரீமிங்' என்று இதற்குப் பெயர். ஓடைபோல் ஓடச் செய்தல் என்பது அதன் பொருள். 2021 இல் அச்சேவை இலங்கைக்கும் வந்தது. திரைப்படத் துறையிலும் இதுவே நிகழ்ந்தது. அஞ்சலிலே படவட்டு அனுப்பி வாடகை பெற்றுத் தொழில் தொடங்கிய நெட்பிளிக்ஸ் நிறுவனம், 2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தோடு அவ்வட்டுச் சேவையை நிறுத்திக்கொண்டது.

இப்புதிய முறையின் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. அன்று ஒரு தட்டின் விலைக்கு, இன்று ஆயிரமாயிரம் பாடல்களைக் கேட்கலாம். குண்டசாலையில் உள்ள மாணவன் ஒருவன், தியாகராஜ பாகவதரையும் ஆபிரிக்கப் பாடகரையும் ஒரே மாலையில் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்க இயலும். முன்னாளில் பெருஞ்செல்வருக்கும் கிட்டாத வாய்ப்பு இது.

ஆயினும் இவ்வாய்ப்பு உரிமையன்று, அனுமதி மட்டுமே. விலை கொடுத்து வாங்கிய நூலையோ தட்டையோ ஒருவர் பிறருக்கு இரவல் தரலாம், விற்கலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். இணையத்திலே 'வாங்கிய' பொருளுக்கு அவ்வுரிமைகள் பெரும்பாலும் இல்லை. 2009 இல் அமேசன் நிறுவனம், பதிப்புரிமைச் சிக்கல் ஒன்றின் காரணமாக, வாசகர்கள் விலை கொடுத்துப் பெற்ற ஜோர்ஜ் ஓர்வெலின் நூல்களை அவர்களுடைய வாசிப்புக் கருவிகளிலிருந்தே அழித்தது. பின்னர் அதற்காக வருந்தியது. 2019 இல் மைஸ்பேஸ் என்னும் தளம், தன்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏற்றப்பட்ட 5 கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் இடமாற்றத்தின்போது அழிந்தன என்று ஒப்புக்கொண்டது. கலிபோர்னியா மாநிலமோ 2024 இல் சட்டம் ஒன்றை இயற்றி, இத்தகைய விற்பனையில் வாங்குவோர் பெறுவது உடைமையன்று, உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகக் கூறல் வேண்டும் என்று விதித்தது.

குண்டசாலைப் பகுதி மக்களுக்கு இவ்வுண்மை வேறொரு வழியிலும் தெரியவந்தது. 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் திகன, தெல்தெனியா ஆகிய இடங்களில் முஸ்லிம் மக்களின் இல்லங்களையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் வன்செயலாளர் தாக்கித் தீயிட்டபோது, ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வெறுப்புரை பரவாதிருக்கும் பொருட்டுப் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றையும் அரசு முடக்கிற்று. 2022 இல் பொருளாதாரம் சரிந்து, நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோதும் இணையம் தடுமாறியது. காரணங்கள் தக்கனவாயினும் தகாதனவாயினும், ஓடையின் மடை வேறொருவர் கையில் இருக்கின்றது என்பதை அந்நாட்கள் காட்டின. அத்தகைய நாட்களில் பழைய மின்கலம் இட்ட வானொலிப் பெட்டியே பேசிற்று.

அவ்வாறாயின், பொருளாக வைத்திருப்பதே பாதுகாப்பு என்று கூறிவிடலாமா? வரலாறு அதற்கும் இடங்கொடுக்கவில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, 97,000 அளவான நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது, சிங்களத் திரைப்படங்கள் பலவற்றின் மூலச் சுருள்களும் உடன் எரிந்தன. தமிழருக்குரிய நிலையத்துக்கு இட்ட தீ, சிங்களக் கலையையும் உண்டது. நெருப்பு இல்லாத இடத்திலே ஈரம் உண்டு. மலைநாட்டுக் குளிரிலும் மழையிலும் ஒலிநாடாவிலே பூஞ்சணம் படர்கின்றது. காந்தப் பூச்சு நாளடைவில் உதிர்கின்றது. சில பதிற்றாண்டுகளுக்கு மேல் நாடா நிலைத்தல் அரிது. ஒரே படியாக உள்ள பொருள், ஏடாயினும் நாடாவாயினும், அழிவின் வாயிலில் நிற்பதேயாகும்.

எனினும் பொருளுக்கு உள்ள ஒரு சிறப்பு ஓடைக்கு இல்லை. 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் சென்ற, பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த சிறு பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையில் நெடுங்காலம் இருந்தது. அது எங்கிருந்து எவ்வாறு வந்தது என்பதை அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். 2023 ஆம் ஆண்டில் அது இலங்கைக்குத் திரும்பிற்று. இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதனைத் திருப்பிக் கேட்க முடிந்தது, அதற்கு ஒரு வடிவம் இருந்தமையாலேயே ஆகும். இன்னொரு சான்றும் உண்டு. 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தத்திலே பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்துகளிலும் ஒப்பமிட்டனர். இம்மலைநாட்டு அரசவையில் தமிழ் வழங்கிய நிலைக்கு அந்தத் தாளே சாட்சி. தாள் அழிந்திருக்குமாயின், சாட்சியும் வெறுங்கதை என்று தள்ளப்பட்டிருக்கும்.

நூல்களுக்குக் காவல் அமைக்க இந்நாடு முன்னரே கற்றுக்கொண்டது. 1885 ஆம் ஆண்டின் சட்டம், அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்று விதித்தது. அதே 1885 இல், கண்டியிலே பிறந்த அறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதாகப் போற்றப்படும் அந்நூல், படிகள் எஞ்சியமையாலேயே பிற்காலத்தில் மறுபதிப்புக் கண்டது. ஆனால் லயத்து அறையிலே பதிந்த பாட்டியின் குரலை ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. வணிக நிறுவனங்களின் ஓடையிலும் அக்குரல் ஏறுவதில்லை. ஏறினாலும், கேட்போர் குறைவு என்று கண்டால் நீக்கிவிடுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. திரைப்பாடல் ஒன்று மறைந்தால் வேறெங்கேனும் ஒரு படி கிடைக்கும். தோட்டத்துக் காமன் கூத்தின் நாடா மறைந்தால், உலகில் வேறொன்று இல்லை.

இதற்கான வழியும் பொருளையும் ஓடையையும் சேர்த்தே காண்பதாகும். 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் படியெடுத்து, எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது. யாழ் நூலகத்தின் சாம்பலிலிருந்து கற்ற பாடம் அது: படிகள் பலவாயின் தீ ஒன்று அனைத்தையும் அழிக்க இயலாது. ஒலிக்கும் இதுவே விதி. வீட்டிலே பழைய நாடா உள்ளவர், முதலில் அதன்மேல் பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டுதல் வேண்டும். பெயரில்லாத நாடா, பாதி அழிந்த நாடாவாகும். ஈரமும் வெயிலும் படாத இடத்திலே அதனை நிமிர்த்தி வைத்தல் வேண்டும். நல்ல கருவியொன்றினால் படியெடுத்து, ஒரு படியை வீட்டிலும், ஒரு படியை உறவினரிடத்திலும், ஒரு படியைப் பொது நூலகம் ஒன்றிலும் வைத்தல் வேண்டும். படியெடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடுதல் கூடாது. பாடசாலைகள் இதனை மாணவர்க்குரிய வரலாற்றுப் பயிற்சியாக மேற்கொண்டால், ஒரே தவணையில் ஓர் ஊரின் குரல்கள் திரண்டுவிடும்.

ஆறு ஓடுவது இயல்பு. மகாவலியை நிறுத்தி வைக்க எவரும் எண்ணுவதில்லை. ஆனால் இத்தீவின் பண்டைய அரசர்கள், ஆறு ஓடுகின்றதே என்று வாளா இருக்கவில்லை. குளம் தொட்டார்கள், மடை கட்டினார்கள், வறட்சிக்கென்று நீரைத் தேக்கினார்கள். அதனாலேயே ஆறு வற்றிய ஆண்டிலும் வயல் விளைந்தது. இசை என்னும் ஆறு இன்று பெருகி ஓடுகின்றது. அதில் நீராடி மகிழ்வதிலே குற்றமில்லை. ஊர்தோறும் ஒரு சிறு குளமும் வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் நன்று. அக்குளத்தைத் தொடவேண்டிய காலமும் குறுகியதே. நாடாவிலே பூஞ்சணம் படர்வது எவருக்காகவும் காத்திராது. அந்நாடாவிலே பேசுவது யார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.